பெயர் பிழையோடு வந்த அமெரிக்க வரி ரீஃபண்ட் காசோலையை என்ன செய்வது?

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ரீஃபண்ட் தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படி வராமல் தபாலில் காசோலையாக வந்து, அதில் பெயரும் தவறாக அச்சாகியிருந்தால், பலர் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள்: பேனாவை எடுத்துத் தவறான எழுத்தைத் தாமே திருத்துகிறார்கள், அல்லது என்ன செய்வதென்று தெரியாமல் காசோலையை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள். இரண்டுமே பணத்தை இழக்கும் வழி. சிறு எழுத்துப் பிழைகளில் பெரும்பாலானவற்றை வங்கிக் கவுண்டரிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மற்றவற்றைத் தீர்க்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும், ஆனால் அவற்றுக்கும் தெளிவான வழி உண்டு.

முதல் விதி, காசோலையின் முகப்பில் எதையும் எழுதக் கூடாது என்பது. பெயரில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதும், வெள்ளை மை பூசுவதும், அடித்து எழுதுவதும் காசோலையைத் திருத்தியதாகவே கொள்ளப்படும். ரீஃபண்ட் காசோலை அமெரிக்க அரசின் கருவூலத் துறை வழங்குவது. திருத்தப்பட்ட கருவூலக் காசோலையை எந்த வங்கியும் ஏற்காது. ஏற்றாலும் கருவூலத் துறை பணம் தராது. உங்களுக்கே உரிய பணம் என்பதும், உண்மையான பெயரைத்தான் எழுதினீர்கள் என்பதும் அங்கே எடுபடாது. பின்புறத்திலும் வீட்டிலிருந்தபடியே அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். அதற்குரிய இடமும் நேரமும் பின்னால் வருகின்றன.

இரண்டாவது, காலக்கெடுவைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கருவூலக் காசோலை, வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். ஓராண்டுக்குப் பின் செல்லாது என்பது காசோலையின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஓராண்டு தாண்டினாலும் பணத்தின் மீதான உரிமை உடனே போய்விடாது, புதிய காசோலை கேட்கலாம். ஆனால் அதற்கு மீண்டும் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். எனவே பதறவும் வேண்டாம், ஆறப்போடவும் வேண்டாம். கிடைத்த வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, காசோலையின் இரண்டு பக்கங்களையும், அது வந்த உறையையும் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் அது உங்களிடமே இருக்கட்டும். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் காசோலையின் படத்தைப் போட்டு "இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. பெயர், முகவரி, காசோலை எண், தொகை ஆகிய நான்கும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் போலிக் காசோலை தயாரிப்பவர்களுக்குப் போதுமான சரக்கு. கேள்வியை மட்டும் எழுதிக் கேளுங்கள், படம் வேண்டாம்.

காசோலை உங்களுடையதுதானா?

பெயர் தவறாக இருப்பதற்கு அச்சுப் பிழையைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். உங்களுக்கு முன் அதே வீட்டில் குடியிருந்தவருக்கு வந்த காசோலையாக இருக்கலாம். உங்கள் பெயரைப் போன்ற பெயருடைய வேறொருவருடையதாக இருக்கலாம். முழுப் போலியாகவும் இருக்கலாம். எனவே முதலில் தொகையைச் சரிபாருங்கள். நீங்கள் தாக்கல் செய்த 1040 படிவத்தின் நகலை எடுத்து, அதில் 35ஏ என்ற வரியில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் காசோலை உங்களுடையது என்று ஏறத்தாழ உறுதி செய்துகொள்ளலாம். தொகை வேறுபட்டால் உடனே அது தவறு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கணக்கில் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ஏதேனும் திருத்தம் செய்திருந்தாலோ, பழைய பாக்கிக்காகக் கழித்துக்கொண்டிருந்தாலோ அதை விளக்கும் கடிதம் தனியாக வரும். ஐஆர்எஸ் இணையதளத்தில் ரீஃபண்ட் நிலையைப் பார்க்கும் பக்கத்திலும், உங்கள் ஆன்லைன் கணக்கிலும், உண்மையில் எவ்வளவு தொகை எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பது தெரியும்.

காசோலை உண்மையானதுதானா என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே ஓரளவு அறியலாம். உண்மையான கருவூலக் காசோலைத் தாளை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கருவூலத்தின் ஆங்கிலப் பெயர் நீரோட்டக் குறியாகத் தாளுக்குள்ளேயே தெரியும். படி எடுக்கும் இயந்திரத்தில் அது பதியாது. சுதந்திர தேவி சிலையின் படத்துக்கு வலப்புறம் உள்ள முத்திரையின் மேல் சிறிது ஈரம் பட்டால் அந்த மை சிவப்பாகக் கசியும். பின்புறத்தில் கையெழுத்திடும் கோடு போலத் தெரிவது உண்மையில் கோடன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நாட்டின் பெயரின் மூன்று எழுத்துகள் இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருப்பது தெரியும். ஈரம் வைத்துப் பார்ப்பதை நீங்கள் செய்ய வேண்டாம், வங்கிக்காரர் செய்யட்டும். வெளிச்சத்தில் பார்ப்பது நம் கையிலேயே உள்ள எளிய சோதனை.

காசோலை வேறொருவருடையது என்று தெரிந்தால், அதில் உள்ள பெயர் உங்கள் பெயரை எவ்வளவு ஒத்திருந்தாலும் வங்கியில் போடக் கூடாது. அரசு பின்னாளில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும். பிறர் பெயரில் கையெழுத்திட்டு மாற்றுவது குற்றமும் ஆகும்.

பிழை எவ்வளவு பெரியது?

இனி, காசோலை உங்களுடையதுதான் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம். செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பது பிழையின் அளவு. ஓரிரு எழுத்துகள் மாறியிருப்பது, 'எச்' விட்டுப்போனது, முதற்பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியது, நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டது, முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் வந்தது ஆகியவை ஒருவகை. பார்த்த மாத்திரத்திலேயே இன்னாரைத்தான் குறிக்கிறது என்பது இவற்றில் தெரியும். திருமணத்துக்கு முந்தைய பெயரில் வந்த காசோலை அடுத்த வகை. இதற்குத் திருமணச் சான்று போன்ற ஓர் ஆவணம் இடையே தேவைப்படும். கடைசிப் பெயரே முற்றிலும் வேறாக இருப்பது மூன்றாவது வகை. அதை வங்கியில் தீர்க்க முடியாது. ஐஆர்எஸ்ஸிடம்தான் போக வேண்டும்.

வெட்டுப்பட்ட பெயர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மவர்களின் காசோலைகளில் அது எளிதில் நேரக்கூடியது. வரிப் பதிவில் பெயருக்கான வரி 35 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். இடைவெளிகளும் அதில் கணக்கு. செந்தில்நாதன் முருகேசன் என்பவரும் அவர் மனைவி கயல்விழி ராமநாதனும் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் கணவர் பெயருக்கு மட்டும் இடைவெளியோடு 23 இடங்கள் போய்விடுகின்றன. நடுவில் வரும் இணைப்புக் குறியோடு 26. மனைவியின் முதற்பெயரை எழுதி முடிக்கும்போதே 36 ஆகிவிடுகிறது. அவருடைய கடைசிப் பெயருக்கு இடமே இல்லை. எனவே ஏதோ ஒன்று சுருங்கித்தான் ஆக வேண்டும். இவ்வகையில் சுருங்கிய பெயரை யாரும் பிழையாகச் செய்யவில்லை என்பதை வங்கி மேலாளரிடம் சொன்னால், அவரும் புரிந்துகொள்வார்.

வங்கிக்குப் போகும்போது

சிறு பிழை உள்ள காசோலையை மொபைல் செயலி வழியாகப் படம் எடுத்துப் போட முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயர் பொருந்தாத காசோலையைச் செயலி நிராகரிக்கலாம். அதைவிடச் சங்கடம், முதலில் ஏற்றுக்கொண்டு சில நாள் கழித்து நிறுத்தி வைப்பது. ஏடிஎம்மும் வேண்டாம். உங்களுக்கு நெடுநாள் கணக்குள்ள வங்கியின் கிளைக்கு நேரில் செல்லுங்கள். செக் மாற்றித் தரும் கடைகள் கட்டணம் பிடித்துக்கொள்ளும். பெயர் பொருந்தாத காசோலையை அவையும் எளிதில் ஏற்பதில்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஓட்டுநர் உரிமம் அல்லது கடவுச்சீட்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வரிக் கணக்கின் (1040 படிவத்தின்) இரண்டு பக்கங்களின் நகல், காசோலையில் உள்ள அதே முகவரியைக் காட்டும் மின்கட்டணச் சீட்டு போன்ற ஏதாவது ஒன்று. வரிக் கணக்கின் நகலை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அதில் உங்கள் சரியான பெயரும், முகவரியும், ரீஃபண்ட் தொகையும் ஒரே இடத்தில் இருக்கின்றன, காசோலையில் உள்ள தொகை சென்ட் வரை அதனோடு பொருந்துவதைக் கண்டால் கவுண்டரில் இருப்பவரின் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கவுண்டரில் அவரைப் பார்த்து, பெயரில் இன்ன எழுத்து தவறியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது ஐயத்தைத்தான் வளர்க்கும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, அவர் முன்னிலையில், காசோலையின் பின்புறத்தில் முதலில் காசோலையில் அச்சிட்டுள்ளபடியே தவறான பெயரில் கையெழுத்திட்டு, அதற்குக் கீழே சரியான பெயரில் இன்னொரு கையெழுத்திட வேண்டும். தவறான பெயரில் கையெழுத்திடுவது முறைதானா என்று பலரும் தயங்குகிறார்கள். அது முறையே. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத்தொகுப்பின் 3-204 பிரிவு, காசோலையில் உரியவரின் பெயர் அல்லாத பெயர் இருந்தால், அவர் அந்தப் பெயரிலோ தம் பெயரிலோ இரண்டிலுமோ கையெழுத்திடலாம் என்றும், பணம் தருபவர் இரண்டையும் கேட்கலாம் என்றும் சொல்கிறது. கருவூலக் காசோலைகளுக்கான கூட்டாட்சி அரசின் விதிகளும் பொதுவான சட்டமும் வணிக வழக்கமும் ஏற்கும் பின்புறக் கையெழுத்தை ஒப்புக்கொள்கின்றன. இரண்டு கையெழுத்துகளுக்கும் கீழே 'ஃபார் டெபாசிட் ஒன்லி' (கணக்கில் வரவு வைக்க மட்டும்) என்ற ஆங்கிலச் சொற்களையும் உங்கள் கணக்கு எண்ணையும் எழுதிவிட்டால், அந்தக் காசோலையை வேறு யாரும் ரொக்கமாக மாற்றுவது கடினமாகிவிடும்.

ரொக்கம் கேட்காமல் கணக்கில் வரவு வைக்கச் சொல்வதே எளிது. வங்கிக்கு இதில் உள்ள அச்சம் நியாயமானது. கருவூலக் காசோலையின் பின்புறக் கையெழுத்து உரியவருடையதன்று என்று பிற்பாடு தெரியவந்தால், கருவூலத் துறை பணத்தை வங்கியிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளும். பணம் உங்கள் கணக்கில் இருந்தால் வங்கிக்குச் சற்று நிம்மதி. பொதுவாகக் கருவூலக் காசோலையை அதற்கு உரியவரின் கணக்கில் நேரில் செலுத்தினால் அடுத்த வேலைநாளிலேயே பணத்தை எடுக்க முடியும். பெயர் பொருந்தாதபோது வங்கி சில நாள் நிறுத்தி வைக்கலாம். அந்த நாள்களில் அந்தப் பணத்தை நம்பி வாடகைக்கோ பிள்ளைகளின் கட்டணத்துக்கோ காசோலை எழுதிவிடாதீர்கள்.

ஒரு கிளையில் மறுத்துவிட்டால் மேலாளரிடம் பேசலாம். அப்போதும் மறுத்தால், காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே வங்கியின் வேறு கிளையையோ, உங்களுக்குக் கணக்கு இருந்தால் கிரெடிட் யூனியன் எனப்படும் கூட்டுறவு நிதி நிறுவனத்தையோ நாடலாம். ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் கையில் உள்ளது. சட்டப் பிரிவைக் காட்டி வாதாடுவதால் பயன் குறைவு. ஊரில் முத்திரைத்தாளில் எழுதி வாங்குவதைப் போல, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சில வங்கிகள் அதை ஏற்கும், சில ஏற்காது. எனவே முதலில் உங்கள் வங்கியைக் கேட்டுக்கொண்டு பிறகு தயாரியுங்கள். அமெரிக்காவில் பல வங்கிக் கிளைகளிலேயே நோட்டரி இருப்பார்.

இன்னோர் எச்சரிக்கை. உங்களுக்கு வரிக் கணக்குத் தயாரித்துக் கொடுத்தவர் "காசோலையைக் கொடுங்கள், நான் மாற்றித் தருகிறேன்" என்று சொன்னால் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் ரீஃபண்ட் காசோலையில் கையெழுத்திட்டுப் பணமாக்குவதற்கு வரி தயாரிப்பவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு அபராதமும் உண்டு. பிழை அவருடைய தட்டச்சால் நேர்ந்ததாக இருந்தாலும், அவர் உதவ வேண்டியது கடிதம் எழுதவும் ஐஆர்எஸ்ஸைத் தொடர்புகொள்ளவும்தான்.

ஐஆர்எஸ்ஸுக்குத் திருப்பி அனுப்புவது

வங்கி ஏற்கவில்லை என்றாலோ, பிழை பெரியது என்றாலோ, காசோலையைத் திருப்பி அனுப்பிச் சரியான பெயரில் மறுபடி வாங்க வேண்டும். அதற்கு முன் ஐஆர்எஸ்ஸின் தனிநபர் உதவி எண்ணான 800-829-1040-இல் பேசுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, உங்கள் ஊர் நேரப்படி காலை 7 முதல் மாலை 7 வரை இது இயங்கும். காசோலை, வரிக் கணக்கின் நகல், முந்தைய ஆண்டின் கணக்கு ஆகிய மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு அழையுங்கள். நீங்கள்தான் என்று உறுதிசெய்ய அவற்றிலிருந்து கேள்விகள் வரும். பேசிய நாள், நேரம், பேசியவர் சொன்ன அடையாள எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அவர்களுடைய பதிவிலேயே தவறாக இருக்கிறதா, காசோலையில் மட்டும் தவறாக இருக்கிறதா என்பதைத் தவறாமல் கேளுங்கள். பதிவில் தவறு இருக்கும்போது காசோலையைத் திருப்பி அனுப்பினால், புதிய காசோலையும் அதே தவறோடுதான் வரும்.

நேரில் பேச விரும்பினால் ஐஆர்எஸ்ஸின் வரி உதவி மையங்களுக்கு 844-545-5640 என்ற எண்ணில் முன்பதிவு செய்துகொண்டு செல்லலாம். பெயர்ச் சிக்கலைத் தொலைபேசியில் எழுத்துக் கூட்டி விளக்குவதைவிட, ஆவணங்களை மேசைமேல் வைத்துக் காட்டுவது எளிது என்பதால், அருகில் மையம் இருப்பவர்கள் இதையே முதலில் முயலலாம் என்பேன்.

அனுப்பும் முறை இது. காசோலையின் பின்புறத்தில், கையெழுத்திடும் பகுதியில், 'வாய்ட்' (செல்லாது) என்ற ஆங்கிலச் சொல்லைத் தெளிவாக எழுதுங்கள். அதை எழுதியபின் அந்தக் காசோலையை எந்த வங்கியிலும் போட முடியாது. எனவே வங்கி வழி அடைபட்டது உறுதியான பிறகே எழுதுங்கள். காசோலையை மடிக்கக் கூடாது. ஸ்டேப்ளர் பின்னோ கிளிப்போ போடக் கூடாது. எங்கே அனுப்புவது என்பது காசோலையிலேயே இருக்கிறது: முகப்பின் அடியில் 'டாக்ஸ் ரீஃபண்ட்' என்ற சொற்களுக்கு முன்னால் ஆஸ்டின், ஆக்டன், கான்சஸ் சிட்டி, ஃப்ரெஸ்னோ போன்ற ஓர் ஊரின் பெயர், சில சமயம் சுருக்கமாக, அச்சிடப்பட்டிருக்கும். எந்த ஊர் வந்தால் எந்த முகவரி என்ற பட்டியல் ஐஆர்எஸ் இணையதளத்தில், தவறான ரீஃபண்டைத் திருப்புவது பற்றிய 161-ஆம் எண்ணுள்ள தலைப்பில் கிடைக்கும்.

கூடவே வைக்கும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி உங்கள் பெயர், அந்த எண், முகவரி, எந்த ஆண்டின் ரீஃபண்ட், காசோலையின் தேதியும் தொகையும், அச்சாகியுள்ள தவறான பெயர், வங்கி மறுத்த விவரம், சரியான பெயரில் மறுபடி வழங்க வேண்டும் என்ற வேண்டுகோள் ஆகியவை அதில் இருந்தால் போதும். மனக்குறைகளை எழுதப் பக்கம் ஒதுக்க வேண்டாம். கடிதத்தைப் படிப்பவர் தேடுவது எண்களையும் பெயரையும்தான். இருவர் பெயரில் வந்த காசோலை என்றால் இருவரும் கையெழுத்திடுங்கள். தபால் நிலையத்தில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையோடு, 'சர்டிஃபைடு மெயில்' முறையில் அனுப்பி, ரசீதைப் படிகளோடு சேர்த்து வையுங்கள். இடையில் வீடு மாறுவதாக இருந்தால் 8822 படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். புதிய காசோலை பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பிப் போனால், தேடுவதற்கு 3911 என்ற இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.

பல மாதங்களாகியும் பதில் இல்லை, பணமின்றி வாடகையோ மருத்துவச் செலவோ தடைப்படுகிறது என்ற நிலை வந்தால், ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே தனித்து இயங்கும் டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸ் என்ற பிரிவை 911 படிவத்தின் மூலமோ, 877-777-4778 என்ற எண்ணிலோ நாடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நம்மவர்கள் அதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு அலுவலகத்தைப் பற்றி இன்னோர் அரசு அலுவலகத்திடம் முறையிடுவதா என்ற தயக்கம் இங்கே தேவையில்லை.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வந்த காசோலை

கூட்டுக் கணக்கின் ரீஃபண்ட் காசோலை இருவர் பெயரிலும் வரும். இருவரும் பின்புறத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் பிழை இருந்தால், அவர் மட்டும் தவறான பெயரிலும் சரியான பெயரிலும் இரண்டு கையெழுத்துகள் போட்டால் போதும். இருவரும் சேர்ந்து வங்கிக்குச் செல்வதும், இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலேயே வரவு வைப்பதும் சிக்கலைப் பாதியாகக் குறைக்கும். ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருவர் பெயர் கொண்ட காசோலையைப் போடப் பல வங்கிகள் சம்மதிப்பதில்லை. மனைவி பிரசவத்துக்கோ பெற்றோரைப் பார்க்கவோ ஊருக்குப் போயிருக்கும்போது காசோலை வந்தால், அவருடைய கையெழுத்தை நீங்களே போட்டுவிடாதீர்கள். ஓராண்டுக் கெடு இருக்கிறது; அவர் திரும்பி வரும் வரை காத்திருப்பதே நேர்மையான வழி, பெரும்பாலும் விரைவான வழியும் அதுதான்.

இருவரில் ஒருவர் காலமாகிவிட்ட பிறகு இருவர் பெயரிலும் காசோலை வந்தால், வங்கியோடு போராட வேண்டாம். அந்தக் காசோலையில் 'வாய்ட்' என்று எழுதி, தம் ஒருவர் பெயரில் மறுபடி வழங்குமாறு கோரும் கடிதத்தோடும், காலமானவருக்கு உரிய ரீஃபண்டைக் கோருவதற்கான 1310 படிவத்தோடும் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பினால், உயிருடன் இருப்பவர் பெயரில் புதிய காசோலை வரும்.

பிழை எங்கிருந்து வந்தது?

காசோலை பணமானதும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே பிழை மறுபடி வரும். எனவே மூலத்தைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது தகும். கடவுச்சீட்டு, விசா, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, நிறுவனம் தந்த டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம், வரிக் கணக்கு ஆகிய ஐந்தையும் வரிசையாக மேசைமேல் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் முதன்முதலாக மாறுகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தோடு நம் பெயரை எழுதுகிறோம். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் முழுப்பெயரும் குடும்பப் பெயருக்கான இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று வந்துவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அங்கே தொடங்கும் குழப்பம் ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டியல் என்று ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு விதமாகத் தீர்க்கப்பட்டு, வெவ்வேறு பெயர்களாகப் பிரிந்துவிடுகிறது.

வரியைப் பொறுத்தவரை ஒரே ஓர் ஆவணம்தான் அளவுகோல்: சோஷியல் செக்யூரிட்டி அட்டை. வரிக் கணக்கில் உள்ள கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை அந்தப் பதிவோடு ஐஆர்எஸ் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் இணையவழித் தாக்கலே நிராகரிக்கப்படும். ஆனால் பொருந்திவிட்டால், நான்காம் எழுத்துக்குப் பின் உள்ள பிழையையோ முதற்பெயரில் உள்ள பிழையையோ அந்தச் சோதனை பிடிக்காது. முருகேசன் என்ற கடைசிப் பெயரில் 'எம், யு, ஆர், யு' என்ற நான்கும் சரியாக இருந்து, 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' என்று மென்பொருளில் தட்டச்சாகிவிட்டால், கணக்கு ஏற்கப்பட்டுவிடும். அந்தக் 'கே' காசோலை வரை கூடவே வரும். கணக்கு ஏற்கப்பட்டுவிட்டதே, அப்படியானால் பெயரும் சரியாகத்தானே இருந்திருக்கும் என்று பலரும் நினைப்பது இதனால்தான் தவறாகிப்போகிறது.

அட்டையே தவறாக இருந்தால் எஸ்எஸ்-5 படிவத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. டபிள்யூ-2 தவறாக இருந்தால் நிறுவனத்தின் சம்பளப் பிரிவிடம் சொல்லி டபிள்யூ-2சி என்ற திருத்தப் படிவம் வாங்குங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரிக்காகத் தரப்படும் ஐடிஐஎன் எண்ணில் உள்ள துணைவரின் பெயர் தவறு என்றால், அந்த எண்களை வழங்கும் ஐஆர்எஸ்ஸின் ஆஸ்டின் அலுவலகத்துக்கு ஆவண நகல்களோடு கடிதம் எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருந்து வரி மென்பொருளில் மட்டும் தவறாகத் தட்டியிருந்தால், உதவி எண்ணிலோ கடிதத்திலோ ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிப்பதோடு, அந்த மென்பொருளில் உள்ள உங்கள் விவரப் பக்கத்தையும் இப்போதே திருத்துங்கள். அடுத்த ஆண்டு அது பழைய பெயரைத்தான் தானாக நிரப்பும்.

ஏன் காசோலையாக வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கி எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கலாம், கணக்கு மூடப்பட்டிருக்கலாம், ஒரே கணக்குக்கு ஓராண்டில் மூன்று ரீஃபண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பைத் தாண்டியிருக்கலாம், கணக்கில் உள்ள பெயர் பொருந்தாமல் வங்கி பணத்தைத் திருப்பியிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் என்றால், வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் அந்த ஐந்து ஆவணங்களோடு ஆறாவதாக வைத்துப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த அதிபரின் ஆணையை அடுத்து, 2025 செப்டம்பர் 30 முதல் தனிநபர்களுக்குக் காகிதக் காசோலை அனுப்புவதை ஐஆர்எஸ் படிப்படியாக நிறுத்தி வருகிறது. நேரடி வரவு முடியாதபோது வங்கி விவரம் கேட்டுக் கடிதம் வந்தால், அதில் சொன்ன கெடுவுக்குள் ஆன்லைன் கணக்கின் வழியே விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். பெயர் அச்சாகும் சிக்கலே இல்லாமல் பணம் வந்துவிடும்.

மாநில வரியின் ரீஃபண்ட் தனி. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் தத்தம் வரித் துறை மூலமே காசோலை அனுப்புகின்றன. செல்லுபடியாகும் காலமும் திருப்பி அனுப்பும் முகவரியும் அந்தந்த மாநிலத்தின் விதிப்படி. மேலே சொன்ன ஐஆர்எஸ் முகவரிகளுக்கு அவற்றை அனுப்பக் கூடாது.

இந்தியா திரும்புகிறவர்களுக்கு

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள், கடைசி ஆண்டின் ரீஃபண்ட் வந்து சேரும் வரை அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாதீர்கள். ஐஆர்எஸ் இந்திய வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதில்லை. டாலர் காசோலையை வசூலுக்கு எடுத்துக்கொள்ளும் இந்திய வங்கிகள் குறைந்து வருகின்றன. எடுத்துக்கொண்டாலும் வாரக்கணக்கில் ஆகும், கட்டணமும் உண்டு. அதோடு ஊர் வங்கிக் கணக்கில் 'மு. செந்தில்நாதன்' என்றும் காசோலையில் 'செந்தில்நாதன் முருகேசன்' என்றும் இருந்தால், எழுத்துப் பிழையே இல்லாத காசோலைகூட அங்கே பெயர் பொருந்தாத காசோலையாகிவிடும்.

அப்படியும் ஊருக்கே காசோலை வந்துவிட்டால், அமெரிக்கக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, பெயர்ப் பிழையைச் சொல்லி, தபாலில் அனுப்பினால் வரவு வைப்பார்களா, பின்புறத்தில் எப்படிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டபின் அனுப்புங்கள். கணக்கு மூடியாகிவிட்டது என்றால், 'வாய்ட்' எழுதித் திருப்பி அனுப்பும் அதே வழிதான். கடிதத்தில் புதிய இந்திய முகவரியை எழுதுவதோடு, 8822 படிவத்தையும் தனியாக அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இருந்தாலும், அவர் பெயருக்கு மாற்றிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் யோசனையைத் தவிர்த்துவிடுங்கள். பெயர்ப் பிழையும் மூன்றாம் நபரும் சேர்ந்த கருவூலக் காசோலையை ஏற்கும் வங்கியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.